பழைய பச்சை

கப்பலூரில் வாழைத்தார் பழுக்கவைக்கும் அந்தக் கம்பெனிக்கு நான் போனாலே மென்பொருள் ஒழுங்காக ஓடும். திரும்பி வந்ததும் நின்றுவிடும். புதிய பதிவு எதுவும் ஏறாமல் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதைப் பராமரிப்பது மட்டும் என் தலையில் விழுந்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை, காலையிலிருந்தே நிற்கிறது என்று கணினி பார்க்கும் பெண் போன் செய்ய, அலுத்துக்கொண்டே மதியம் போய்ச் சேர்ந்தேன்.

மூடிய அறையில் பழுக்கும் காய் கரியமிலவாயுவை வெளியே விடும். அதற்கு வாசனை கிடையாது. ஆள் தலைசுற்றி விழுந்த பிறகுதான் தெரியும். அதனால் உள்ளே ஒரு கருவி காற்றை அளந்து டேட்டாபேஸுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசியாகப் பதிவான எண்ணைப் பார்த்துக் கதவோரத் திரை பச்சை காட்டினால் உள்ளே போகலாம்.

எந்தப் பதிவு எதற்குக் காத்திருக்கிறது என்று பார்த்தேன். ஒருவர் மாற்றி முடிக்கும்வரை மற்றவர் எழுதாதபடி டேட்டாபேஸ் போடும் ஒரே பூட்டுக்குப் பின்னால் எல்லாம் வரிசையில் நின்றன. பூட்டைப் பிடித்திருந்தது முதலாளியின் கணினி. பழைய பதிவுகளை அழிக்கச் சொன்னவர், 'உறுதியாகவா?' என்று அது கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டிருந்தார்.

"திங்கள்னா காலையில நிக்குது, செவ்வாய்னா சாயங்காலம் நிக்குது. என்ன கணக்குன்னே புரியல" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"ராகுகாலம்ல அண்ணே. நடுவுல அது வந்துட்டா மொதலாளி ஓகே அமுக்க மாட்டாரு. அப்படியே போட்டுட்டு எந்திரிச்சிருவாரு. இன்னைக்குக் கொட்டாம்பட்டியில காதுகுத்து, அங்கிட்டே போயிட்டாரு."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு அடங்குமுன் கதவோரத் திரை கண்ணில் பட்டது. பச்சை. காலையிலிருந்து ஒரு பதிவும் ஏறவில்லை என்றால், அது எப்போதைய பச்சை? அறையைத் திறந்து காற்றாட விட்டிருந்தபோது ஏறிய எண் அது. பிறகுதான் கதவை மூடியிருந்தார்கள்.

"உள்ள யாரும் இருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரருதான். பச்சையப் பார்த்துட்டு நான்தான் போகச் சொன்னேன்."

"கதவத் தொறம்மா!" என்று கத்தினேன். அவள் ஓடினாள். முதலாளியின் இணைப்பைத் துண்டித்தேன். காத்திருந்த பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. திரையில் எண் கண்ணெதிரே உயர்ந்து சிவப்பானது. நானும் ஓடினேன்.

சுவரோரம் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தவரை வாசலுக்கு இழுத்துவந்து போட்டோம். வாந்தி எடுத்தார். பிழைத்துக்கொண்டார்.

பழைய எண் என்றால் திரை அணைந்துவிடும்படி மாற்றிக் கொடுத்தேன். அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர் உள்ளே போனால் கதவருகே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். சென்ற வாரம் நான் போயிருந்தபோது, "ராத்திரிக்குத் தோசை ஊத்தவா?" என்று கேட்டாள். பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. அதற்குள் கதவைப் பாதி திறந்துவிட்டாள்.