மீசைத்துரைக்கு ஒரு மெழுகுவத்தி

உருகிய மெழுகும் ஈரச் செவ்வந்தியும் கலந்த வாசனை எங்கே மூக்கில் ஏறினாலும், எனக்கு லிங்கராஜபுரத்து வீட்டின் முன்னறையும், அதன் சுவரில் செத்துப்போன எங்கள் தாத்தாக்களுக்கு நடுவே குடும்பத்தோடு நின்றிருந்த ஒரு ஜெர்மன் இளவரசரும்தான் நினைவுக்கு வரும்.

இளவரசரேதான், சிரிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, தேக்குச் சட்டத்துக்கு ஆசைப்பட்டு அம்மா அந்தப் படத்தை வாங்கி வந்தாள். அதில் இருதய ஆண்டவர் படத்தைப் போட வேண்டும் என்பது திட்டம். படமோ சட்டத்தை விட்டு வரவே மாட்டேன் என்றது. அப்பா கத்தியை எடுத்ததும், "ஐயோ, பிள்ளைங்க மூஞ்சி கிழிஞ்சிரும், விடுங்க!" என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர்கள் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டார்கள். முறுக்கிய மீசைக்காக அவர் "மீசைத்துரை", இடுப்பை இறுக்கிக் கட்டிய அவர் மனைவி "துரைசாணி". பட்டாள உடுப்பில் விறைத்து நிற்கும் மகன்களுக்கு ஓரமாக, யாரையோ முறைத்துக்கொண்டு ஒரு சின்னப்பெண். நான் சோற்றுத் தட்டின் முன் மூஞ்சியைத் தூக்கினால் போதும், "பாரு, துரை மக வந்துட்டா" என்று வீடே கேலி செய்யும். எனக்கோ அவளை ரொம்பப் பிடிக்கும்.

கல்லறைத் திருநாளன்று தாத்தாக்களுக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றும்போது, அம்மா மீசைத்துரை குடும்பத்துக்கும் ஒன்று ஏற்றுவாள். அப்பா முணுமுணுத்தால், "அவங்க ஊர்ல யாராவது ஏத்துறாங்களோ என்னவோ. நம்ம சுவத்துல இருக்காங்க, நம்மதான் பாக்கணும்" என்பாள்.

ஒரு வருடம், அந்த மாலைகள் வாடுவதற்குள் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவர். அக்காவுக்கு அவரை எப்போதோ பிடித்துப்போயிருந்தது, வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா மீசைத்துரை படத்தையும் இரண்டு பக்கமும் இருந்த தாத்தாக்களின் மாலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"உங்க குடும்பத்துல துரை ரத்தம் இருக்குன்னு புரோக்கர் சொல்லவே இல்லையே! அதான் பொண்ணு இந்தக் கலரா?"

அப்பா மழுப்பலாகச் சிரித்துவைத்தார். கதவுக்குப் பின்னால் அக்கா என் கையை நசுக்கினாள். ஒரேயொரு "ஆமாங்க" போதும், கல்யாணம் முடிந்த மாதிரிதான்.

அம்மா காபித் தட்டைக் கீழே வைத்தாள். "இல்லைங்க. தேக்குச் சட்டமாச்சேன்னு வாங்கினேன், படம் கழல மாட்டேன்னுடுச்சு. இவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. செத்தவங்கதானே, அதான் ஒரு வத்தி ஏத்துறேன்."

அந்தம்மாவின் முகம் சுருங்கிப்போனது; காபியைத் தொடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் எழுந்து படத்தருகே போய் நின்றார். வடிந்து உறைந்திருந்த மெழுகை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யாருன்னே தெரியாதவங்களுக்கு ஏத்துறீங்க. இந்த வீட்டுல பொண்ணு எடுக்காம நான் வேற எங்க போய் எடுக்கிறது?" என்றவர், ஆறிப்போன காபியைத் தள்ளிவிட்டுச் சூடாக இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

இன்று எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு ஜெர்மன் கம்பெனியில் வேலை செய்கிறேன். படத்தின் அடியில் இருக்கும் கோணல் ஜெர்மன் எழுத்துகளை இப்போது எனக்கே படிக்கத் தெரியும். பெயரைப் படித்து, இணையத்தில் தேடியும் பார்த்துவிட்டேன். மீசைத்துரை பெரிய ராஜா ஒன்றுமில்லை. நம் தாலுகா அளவுக்கு ஒரு நாடு. அதுவும் அண்ணனுக்குப் போய்விட, இவர் பட்டாளத்திலேயே காலம் தள்ளியிருக்கிறார். மகன்கள் ஒவ்வொருவராகச் சண்டையில் போனார்கள். முறைத்துக்கொண்டு நின்ற என் தோழி கல்யாணம் கட்டாமல், எல்லோரையும் புதைத்துவிட்டுக் கடைசியாகக் கண்ணை மூடியிருக்கிறாள். அந்த நாடும் இப்போது இல்லை. மெழுகுவத்தி ஏற்ற அங்கே ஒரு வாரிசும் இல்லை. எதையும் படிக்காமலே அம்மா சரியாகத்தான் நினைத்திருக்கிறாள்.

லிங்கராஜபுரத்து வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது, அம்மாவும் போய்விட்டாள். மீசைத்துரை குடும்பம் அக்காவின் பிளாட்டில், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன கல்லறைத் திருநாளன்று அக்காவின் மாமியார் முழங்கால் வலியோடு நின்று ஏற்றிக்கொண்டிருந்தபோது, எதிர் பிளாட்டுக்குப் புதிதாக வந்த பெண் எட்டிப் பார்த்து, "யாரு ஆன்ட்டி இந்த வெள்ளைக்காரங்க?" என்றாள்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க சம்பந்தி வீட்டுக்காரங்கம்மா" என்றார்.