பரிமாறாத நாள்

கோடை லீவில் ஒரு நாள் நாங்கள் மூன்று பேர் பாபநாசம் போவது வழக்கம். ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள். நான் கணக்கு, ஒருத்தி தமிழ், இன்னொருத்தி அறிவியல். காலையில் பஸ் ஏறினால் வெயில் உறைப்பதற்குள் படித்துறையில் கால் நனைத்துவிடலாம். ஆளுக்கு ஒரு தூக்குச்சட்டி சோறு. யார் என்ன கொண்டுவருவது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. வீட்டில் விடிந்தால் அடைந்தால் என்ன சமையல் என்கிற பேச்சுதானே, இங்கேயும் எதற்கு? அதனால் ஒரு வருஷம் மூன்று தூக்கிலும் எலுமிச்சைச் சோறாக வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே தின்று தீர்த்தோம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அன்றைக்கு யாரும் யாருக்கும் பரிமாறக்கூடாது. வேண்டியதை அவரவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் போட்டது தமிழ் டீச்சர். அவள் வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அவள் உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு நாளும் பார்த்ததில்லை. புருஷனுக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தே பாதி ஆயுசு போய்விட்டது. முழுப்பரீட்சை முடிந்த அன்றே எப்போது போகிறோம் என்று அரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

இந்த வருஷம் அவள் வீட்டுக்காரர் ரிட்டையர் ஆனார். பெரிய ஆபீசராக இருந்தவர். பேப்பரை ஒரு வரி விடாமல் படித்து முடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். இந்த வெயிலில் பஸ்ஸில் கிடந்து லோல்பட வேண்டாம், நானே காரில் கூட்டிப்போகிறேன் என்றாராம். அவள் போனில் சொன்னதும் எனக்குச் சுள்ளென்று வந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன். வாய் வரவில்லை என்றாள். ஒரு தடவை வந்து பழகிவிட்டால் இனி வருஷா வருஷம் வந்து நிற்பார், நம்ம நாள் போச்சு என்று அழமாட்டாக் குறையாகப் போனை வைத்தாள்.

மனுஷர் நல்லவர்தான், குறை சொல்லக்கூடாது. முக்கூடல் வழியாகப் போனால் கூட்டம் இருக்காது என்று திரும்பத் திரும்ப விளக்கி, ஏசி போதுமா போதுமா என்று கேட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் காரில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. பஸ் என்றால் ஹெட்மிஸ்ட்ரஸைக் கழுவிக் கழுவி ஊற்றியே பாதி வழி போயிருக்கும். குளிக்க இறங்கினால் மேல்படியில் நின்றுகொண்டு, பைய, பைய, வழுக்கும் என்கிறார். வருஷா வருஷம் இறங்குகிற படி எங்களுக்குத் தெரியாதாக்கும்!

மத்தியானம் மரத்தடியில் இலை போட்டோம். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. என் கை தானாகக் கரண்டிக்குப் போய்விட்டது. அத்தனை கோபப்பட்டவள் நான்தான்! எனக்கே வெட்கமாக இருந்தது. தமிழ் டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுட்டி. அவுக எடுத்துப் போட்டுக்கிடுவாக."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தன் இலையைப் பார்த்தாள். அறிவியல் டீச்சர் தன் தயிர்ச்சோற்றைத் திறந்து தனக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த தூக்கை இழுத்தார்.

அன்றைக்குப் புளிச்சோறு இரண்டு தூக்கில் வந்திருந்தது. ஒன்று என்னுடையது, ஒன்று தமிழ் டீச்சருடையது. நான் வெல்லம் கொஞ்சம் தூக்கலாகப் போடுவேன். அவள் எள்ளு வறுத்துப் பொடித்துப் போடுவாள். மூடியைத் திறந்தாலே வாசம் சொல்லிவிடும், கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்குத் தெரியும். அவர் இழுத்தது என் தூக்கு. ஒரு வாய் சாப்பிட்டார். முகம் தெளிந்துவிட்டது. என்னையும் அறிவியல் டீச்சரையும் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்.

"இவ புளிச்சோறுன்னா புளிச்சோறுதான். இத்தன வருஷத்துல ருசி மாறவே இல்ல, பாத்துக்கிடுங்க."

நான் தமிழ் டீச்சரைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லித் தொலைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"அது அவ கிண்டுனது," என்றாள். "நான் கிண்டுனது இந்தா இருக்கு."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தூக்கைக்கூட அவர் பக்கம் நகர்த்தவில்லை. அவரே எட்டி எடுத்து, ஒரு கரண்டி போட்டு, முதலில் மோந்து பார்த்தார். பிறகு மெல்ல மென்றார்.

"எள்ளு போடுவியோ இதுல?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து போடுதேன்," என்றாள். ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டாள். "அடுத்த வருஷம் நாங்க மூணு பேரும் பஸ்ஸுலயே வந்துக்கிடுதோம்."

அவர் சரி என்றார். தலை நிமிரவில்லை.