இரண்டு முறை சொன்ன "இல்ல"

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அவள். மேற்பார்வை வேலை அவளைத் தேடி வந்தபோதெல்லாம் முட்டிவலி என்று தட்டிக்கழித்தாள். வார்டு சீட்டுகளை வாசிக்க வேண்டுமே என்ற பயம்தான் காரணம். எழுத்து அவளுக்குப் பிடிபட்டதே இல்லை. புருஷனுக்குக்கூட அது தெரியாது.

மூன்றாம் வகுப்பு மகளின் டீச்சர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். "நல்லா பேசுறா, கணக்கும் போடுறா. வாசிக்கச் சொன்னா மட்டும் திணறுறா. ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"சோம்பேறித்தனம். ரெண்டு வச்சா தானா வரும்" என்றான் புருஷன். அரைநாள் லீவு போட்டு, அவனிடம் சொல்லாமல் மகளை டெஸ்ட் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. வெளிச்சத்தம் நுழையாதபடி சுவரெல்லாம் மெத்தை. சோதனை செய்யும் அக்கா குழந்தையின் காதில் ஹெட்போனை மாட்டி, விரலை ஒரு சிறு பெட்டியின் மேல் வைத்தார்.

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது கண்ணு, கூசும். ரெண்டு சத்தம் வரும், எது பெருசுன்னு சொல்லு. அப்புறம் விரல்ல ரெண்டு அதிர்வு. அதுலயும் எது வேகம்னு சொல்லணும்."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்புறம் அம்மா நின்று பார்த்தாள். மகள் தயங்கும்போதெல்லாம் அக்காவின் பேனா ஏதோ குறித்தது. ஒவ்வொரு குறியும் இவள் நெஞ்சில் விழுந்தது.

மகளோடு வெளியே வந்த அக்கா கேட்டார்: "சத்தத்தையும் அதிர்வையும் பிரிச்சுச் சொல்லக் கொஞ்சம் தடுமாறுறா. ஆனா இத மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. வாசிப்புச் சோதனையும் வேணும். வீட்ல வேற யாருக்காவது படிக்கக் கஷ்டம் உண்டா?"

"இல்லீங்க."

"அம்மா அப்பா ரெண்டு பேருக்கும்?"

"இல்ல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ எனக்கு மட்டும்தான் மூளை சரியில்லையாம்மா?"

அம்மா அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இருக்குங்க. எனக்கு வாசிக்கவே வராது" என்றாள். சொன்ன மறுகணம் கதவைத் திரும்பிப் பார்த்தாள், யாரோ கேட்டுவிட்டதுபோல.

அக்கா பதறவில்லை. "ரெண்டு பேர் மூளைக்கும் ஒரு குறையும் இல்ல. எழுத்து உள்ள போற வழிதான் வேற" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

மகளுக்கு இருப்பது வாசிப்புச் சிரமம்தான் என்று வாசிப்புச் சோதனையும் உறுதி செய்தது. மகளுக்குத் தனி வகுப்பு ஏற்பாடாயிற்று. புருஷனிடம் மகளைப் பற்றியும், தனக்கு வாசிக்க வராததைப் பற்றியும் சொன்னாள்.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு."

இரண்டு நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வகுப்பு எத்தன மணிக்கு?" என்று கேட்டான்.