பாண்காரருக்குச் சொன்ன மறுமொழி

என் பிள்ளைகளே, அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து இதை எழுதுகிறேன். வாப்பா ஒரு காலம் பாயை விட்டு எழும்பாத மனிதனாக இருந்தேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் என் தம்பி ரஹீம் மௌத்தானான். காற்று கூரையைக் கொண்டுபோனது. உள்ளறைச் சுவர் விழுந்தது. நீங்கள் கேள்விப்பட்டது அவ்வளவுதான். மிச்சத்தை இன்றுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நான் வயலுக்குப் போகவில்லை. சோறு மண்ணாக இருந்தது. மூத்தவள் அப்போதுதான் நடை பழகினாள். என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூக்க மனம் வராது. இந்த உயிர் போனால் நல்லது என்றுகூட நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

யார் வந்து “சுகமா?” என்று கேட்டாலும் “அல்ஹம்துலில்லாஹ்” என்று இறைவனைப் புகழ்ந்து முடித்துவிடுவேன். வேறு ஏதாவது சொன்னால் நன்றிகெட்ட அடியானாகிவிடுவேன் என்று பயம். வந்தவர்களும் எல்லாம் அவன் நாட்டம், அழக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்ற நல்ல சொல்லை நான் கதவுத் தாழ்ப்பாளாக வைத்திருந்தேன்.

ஒரு நாள் சுபஹுத் தொழுகையில் சுஜூதில் நிலத்தில் வைத்த தலை நிமிரவில்லை. “யா அல்லாஹ், இதை என்னால் தூக்க ஏலாது. இறக்கி வைக்க ஒரு இடம் காட்டு” என்று கேட்டேன். கனவில் ஏதாவது வரும் என்று பார்த்திருந்தேன். கனவு வரவில்லை. பாண் வந்தது.

சுலைமான் காக்கா, ஊருக்கே அண்ணன் மாதிரி, சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்பவர். சூறாவளிக்குப் பிறகு அவரும் ஊரில் ஏழெட்டுப் பேரும் மனம் உடைந்தவர்களின் வீடுகளுக்குப் போய்க் கூலியில்லாமல் துணையிருந்தார்கள். குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் அவர்களுக்குப் பழக்கியிருந்தார். இது அப்போது எனக்குத் தெரியாது. காக்கா மூன்று நாள் வேலியடியில் நின்று சுகம் கேட்டார். மூன்று நாளும் அதே மறுமொழி சொல்லி அனுப்பினேன். நான் கேட்டதை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

நாலாம் நாள் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தார்.

“அது அல்லாஹ்வுக்குச் சொல்ற மறுமொழி, தம்பி. நான் வெறும் பாண்காரன். எனக்கு என்ன சொல்றீங்க?”

தம்பி என்ற சொல்லில் உடைந்துபோனேன்.

“நான்தான் காக்கா அவன அந்த அறைக்குள்ள போகச் சொன்னன்.”

அவர் இன்னும் கிட்ட வந்து இருந்தார். வேலிக்கு அப்பால் பாண் வாங்கக் காத்து நின்ற ஒரு பெண், பாண் கல்லாகப் போகுது என்று ஏசினாள். ஊறவைத்துத் தின்னச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“ஓம், சொன்னீங்க. அவன் நனையக் கூடாதெண்டுதானே சொன்னீங்க.”

அன்றுதான் அழுதேன்.

ஒரே நாளில் சுகமாகவில்லை. அடுத்த கிழமை அவரே பஸ்ஸில் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்தும் குடித்தேன். மாதக்கணக்கில் காலையில் வந்து இருந்துவிட்டுப் போவார். ஒரு காலை மூத்தவளைத் தூக்கினேன். தாடியைப் பிடித்து இழுத்தாள். அப்போது வந்த அல்ஹம்துலில்லாஹ் முழுதாக வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் அஸருக்குப் பிறகு நானும் அவரோடு அப்படியான வீடுகளுக்குப் போகிறேன். வரிப்பத்தான்சேனை ஊர் வரைக்கும் போயிருக்கிறோம். எனக்குப் படிப்புக் குறைவு. ஆனால் பக்கத்தில் இருக்கத் தெரியும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் மனம் கனக்கும். துஆக் கேளுங்கள், அவன் கைவிடமாட்டான். வேலியடியில் யார் வந்து நிற்கிறார்கள் என்றும் பாருங்கள். நான் சுகமா என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வாப்பாவுக்குரிய மறுமொழியையும் சொல்லுங்கள்.