பிரம்பை விலக்கியது யார்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி, காட்டுத் தெய்வம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கண்டியில் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். அதனால் நீங்கள் சந்தேகப்படுவதில் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் முகத்தைச் சுளித்திருப்பேன்.

என்னோடு படிப்பித்த ரிஸ்வானாவுக்குக் கமராப் பைத்தியம். கெலிஓயாக்காரி. பறவை, பூச்சி, ஓணான் எதையும் விடமாட்டாள். மடுல்கெல்லைக்கு மேலே உள்ள காட்டில், மூக்கில் இலை ஒட்டிவைத்தது போல ஓர் ஓணான் இருக்கிறது, அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக என்னை அரித்தாள். எனக்கோ அங்கே மரங்களில் பூக்கும் ஓர்க்கிட் மேல் ஆசை. ஒரு விடுமுறை நாளில் விடிய முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டோம்.

எங்களைக் கூட்டிப்போக வந்தவர் முத்தையா. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருப்பவர், நாற்பது வயது இருக்கும். ரிஸ்வானாவின் வாப்பாவின் கடைக்கு மிளகு கொண்டுவந்து கொடுக்கும் பழக்கத்தில் அவளுக்குத் தெரிந்தவர். எனக்கு அவரைப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை. அதிகம் பேசவில்லை, கையில் பெரிய கத்தி, அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். அந்தப் பக்கத்துக் காடுகளில் வல்லப்பட்டை மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டி, அதன் வாசனைக் கட்டையைக் கடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு டீச்சர்மாரை முன்னால் நடக்கவிட்டால் யாரும் சோதிக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறாரோ என்று என் மனம் ஓடியது.

தேயிலை முடிந்து காடு தொடங்கியதும், அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு ஏறினோம். ஒன்பது மணி வாக்கில் ஓணானைக் கண்டோம். பாசி படிந்த தண்டில் அசையாமல் இருந்தது. ரிஸ்வானா மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பது படமாவது எடுத்திருப்பாள். அதுவரை எல்லாம் சந்தோஷம்தான்.

அதற்குக் கொஞ்சம் மேலே மந்திக் கூட்டம் ஒன்று இருந்தது. ஆளைக் கண்டால் மந்திகள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், கத்தும், கிளைக்குக் கிளை பாயும். இவை கத்தவில்லை. பதினைந்து பதினாறு மந்திகள், குட்டிகூட, வாயில் வைத்த இலையை மெல்லாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தன.

“கமலா, இதுகள் எங்களப் பாக்கல்ல” என்றாள் ரிஸ்வானா மெதுவாக. “எங்களுக்குப் பின்னுக்கு யாரோ ஈக்கிது.”

திரும்பினேன். பாதையும், இடுப்பளவு வளர்ந்த பன்னச் செடியும்தான். நாங்கள் நடக்க நடக்க மந்திகளின் தலைகளும் ஒன்றாகத் திரும்பின, ஆனால் எப்போதும் எங்களுக்குப் பத்தடி பின்னால். அப்போதே முடிவு செய்துவிட்டேன், முத்தையாவின் கூட்டாளி ஒருவன் ஒளிந்து ஒளிந்து வருகிறான்.

அதற்குப் பிறகு அவரையே கவனித்தேன். பாதையில் காட்டுப் பிரம்புக் கொடி குறுக்கே கிடக்கும், கொக்கி கொக்கியாக முள். அவர் அதை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், நாங்கள் இருவரும் கடந்ததும் முன்னால் வரவேண்டியதுதானே, வரமாட்டார். இன்னும் ஒரு ஆள் கடக்கிற நேரம் அங்கேயே நிற்பார். மூன்றாவது முறையும் அப்படி நின்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“யாருக்காகப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க? ஒங்க ஆள் எங்க? மரம் வெட்டத்தானே வந்தீங்க? கீழ போனதும் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுவேன்!”

அவர் முகம் வாடிப்போனது. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

“நான் புடிக்கலைங்க டீச்சர். எப்பவோ விட்டுட்டேன். அது திரும்ப மாட்டேங்குது, அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.”

நம்புங்கள், நம்பாமல் போங்கள். அந்தப் பிரம்பு வில்லாக வளைந்து, பாதையைவிட்டு ஒதுங்கி நின்றது. யார் கையும் அதில் இல்லை. பிறகு, முள் யாருக்கும் படக்கூடாதென்று பார்த்து விடுவது போல, மெல்ல மெல்லத் தன் இடத்துக்கு வந்தது. ஏதோ கிளையில் முள் மாட்டியிருக்கும் என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். ஆனால் பக்கத்து மரத்தில் வெள்ளை ஓர்க்கிட் கொத்தாகப் பூத்திருந்தது, ரிஸ்வானா அதை மட்டும் எடுத்துவிடுகிறேன் என்றாள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கமராவைக் கண்ணில் வைத்தபடி அவள் பின்னால் ஓரடி, இன்னும் ஓரடி வைத்தாள். நான் முத்தையாவை முறைத்துக்கொண்டு நின்றேன், அவர் எனக்கு முன்னால்தான் நின்றார், கைகள் இரண்டும் என் கண் முன்னால்.

சடாரென்று ஒரு சத்தம். ஒரு பிரம்பு அவள் முதுகுப் பையில் கொக்கி போட்டு, முன்பக்கமாக ஒரே இழுப்பு. அவள் முழங்கால் அடிபட விழுந்தாள். காலால் உதைபட்ட கல் ஒன்று பன்னத்துக்குள் போனது. அது கீழே விழுந்த சத்தத்துக்காக நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. அவள் அடுத்த அடி வைக்கவிருந்த, பன்னம் மூடியிருந்த அந்த இடத்தில் நிலமே இல்லை.

உடனே இறங்கத் தொடங்கினோம். தேயிலைக்கு வந்ததும் முத்தையா நின்றார்.

“நீங்க சொல்லுறதுன்னா சொல்லிக்கங்க டீச்சர். நான் இனிமே ஒருத்தரையும் மேல கூட்டிட்டுப் போகமாட்டேன்.”

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரிடமும் அவரைப் பற்றிச் சொல்லவுமில்லை, அது மட்டும்தான் நான் செய்த நல்லது. உண்மையைச் சொன்னால் அவர் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. அவர் ஏதோ தந்திரம் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

ஆனால் பஸ்ஸில் நடந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் அதில் ஏறவேயில்லை. பின்னேரம் நாலு மணி பஸ், பிதுங்கிக்கொண்டு சனம். மூன்று பேர் இருக்கிற சீட்டில் ஜன்னலோரம் ரிஸ்வானா, நடுவில் நான், ஓரம் காலி. கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை. வத்தேகமவில் சாமான் பையோடு ஓர் அம்மா ஏறினார். இடத்தைக் கண்டு வேகமாக வந்து, பாதி குனிந்தவர், நெருப்பைத் தொட்டது போல நிமிர்ந்தார்.

“மன்னிச்சுக்கங்க, பாக்கல” என்றார்.

என்னிடம் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்துச் சொன்னார். கண்டி வரும்வரை நின்றுகொண்டேதான் வந்தார்.