மூன்று கோயில் மணியும் ஒரு விண்கலமும்

எண்பதுகளின் நடுவில் கரம்பொன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். பௌதிகவியல் பட்டம் பெற்ற எனக்கு அதிபர் தந்த பாடம் மனையியல். முருங்கைக்காய்க் கறிக்குப் பால் எப்போது விடுவது என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயர்தர பௌதிகவியல் வகுப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரை எடுக்கப்போவதாகக் கதை அடிபட்டது. நேரே அதிபரிடம் போய் அந்த வகுப்பை எனக்குத் தரும்படி கேட்டேன். பாடசாலைக் கண்காட்சி வருகிறது, அதில் உம்முடைய கெட்டித்தனத்தைக் காட்டும், பிறகு பார்ப்போம் என்றார்.

சும்மா விடுவேனா? பூமியைச் சுற்றும் விண்கலம் தான் நிற்கும் இடத்தை எப்படி அறிகிறது என்று காட்டத் தீர்மானித்தேன். வழிகாட்டும் செய்மதிகள், அதாவது செயற்கைக்கோள்கள், சமிக்ஞைகள் அனுப்பும். அவை வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து விண்கலம் தூரத்தைக் கணக்கிட்டு, தன் இடத்தைப் பிடித்துவிடும். செய்மதிக்கு நான் எங்கே போவது? ஊரில் மூன்று கோயில் மணிகள் இருந்தன. ஓசையைக் கேட்டே எந்தக் கோயில் என்று சொல்லாதவர் ஊரில் இல்லை. விண்கலமாக அதிபரே நிற்கச் சம்மதித்தார். ஒரு கோயில் மணிக்கு ஒருவராக, ஸ்டொப் வாட்சுடன் மூன்று விளையாட்டு ஆசிரியர்கள் அவரோடு நின்றார்கள்.

ஒத்திகையன்று சரியாகப் பத்து மணிக்கு அடிக்கும்படி மூன்று ஐயர்மாரிடமும் சொல்லி வைத்தேன். ஒரு கோயிலின் மணி முந்தியே அடித்துவிட்டது. மற்ற இரண்டும் ஆறுதலாகப் பிந்தி அடித்தன. என் கணக்குப்படி, பாடசாலை முற்றத்தில் நின்ற அதிபர் வேதாரணியத்தையும் தாண்டிப் போயிருந்தார். ஆசிரியர் அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகைதான் வந்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போனேன். ஒவ்வொரு மணிக்கூடும் ஒவ்வொரு நேரம் காட்டியது. அடுத்த கோயில் மணிக்கூட்டைப் பார்த்துத் திருத்த ஒருவரும் உடன்படவில்லை. எங்கள் பிள்ளையார் ஏன் அவர்களுடைய நேரத்துக்கு எழும்ப வேண்டும் என்று ஒரு ஐயர் கேட்டார். செய்மதிக்குள் அணுக்கடிகாரம் ஏன் வைக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நல்ல காலம், மூன்று இடத்திலும் றேடியோ இருந்தது. மத்தியானச் செய்திக்கு முன்வரும் கடைசி 'பீப்' சத்தத்துக்கு அடியுங்கள் என்றேன். கொழும்பு நேரத்துக்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அயல் கோயிலின் நேரம்தான் மானக்கேடு.

கண்காட்சியன்று, தான் விரும்பிய இடத்தில் நிற்கப்போவதாகச் சொல்லி, அதிபர் ஒரு சின்ன றேடியோவோடும் ஆசிரியர்களோடும் புறப்பட்டார். 'பீப்' கேட்டதும் வாட்சைத் தொடக்கி, மணியோசை வந்ததும் நிறுத்த வேண்டும். திரும்பி வந்து மூன்று நேரங்களையும் தந்தார்கள். பெற்றோரும் கல்வி அதிகாரியும் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் வரைந்திருந்த ஊர்ப்படத்தில் மூன்று வட்டங்கள் கீறினேன். மூன்றும் அதிபர் வீட்டுக் குசினியில் ஒன்றையொன்று வெட்டின. கண்காட்சி முடியும்வரை ஒருவரும் சாப்பிட வீட்டுக்குப் போகக் கூடாது என்று காலையில் கட்டளை போட்டவர் அவர்தான்.

அவர் என் பக்கம் குனிந்தார். "வட்டம் பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லும் பிள்ளை."

சொன்னால் வகுப்பு போய்விடும். சொல்லாவிட்டாலும் போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"ஏலாது சேர். வட்டம் சரி."

அதிபர் நிமிர்ந்தார். மூன்று ஆசிரியர்களும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"ஓம், சாப்பிடப் போனனான்," என்றார் எல்லோருக்கும் கேட்க. "நாலு பேரும்தான் சாப்பிட்டனாங்கள். பௌதிக வகுப்பை இனி இவ எடுக்கட்டும்."

அந்தளவு சந்தோஷம் எனக்குக் கலியாணத்தன்றுகூட வரவில்லை.