சித்தியைத் தவிர இன்னொருவர்

எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே ஜப்பானிய மொழியில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன்.

சேரப்பணஞ்சேரியில் கீழ்வீட்டில் நாங்களும் மாடி அறையில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தோம். சித்தி ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். கார் கதவுக்குள் போகிற ஏதோ ஒரு சின்ன இரும்புத் துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ட்ரேயில் போட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடியே செய்யும் வேலை. ஜப்பானிய மொழித் தேர்வில் தேறினால் லைனை விட்டு ஆபீசுக்குள் உட்காரலாம் என்று சொல்லி, சனிக்கிழமைகளில் கம்பெனியே வாத்தியார் வைத்துச் சொல்லிக்கொடுத்தது.

காலை ஷிப்ட் முடிந்து சித்தி மூன்றரைக்கெல்லாம் வந்துவிடுவாள். நான் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவேன். அவளுடைய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பாடம் கேட்பது என் உத்தியோகம். மேலே ஜப்பானிய எழுத்து, அதன் கீழே உச்சரிப்பு தமிழில், அதற்கும் கீழே அர்த்தம். நான் அர்த்தத்தைப் படிப்பேன், சித்தி ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும். தப்பினால் தலையில் ஒரு குட்டு வைக்க எனக்கு அதிகாரம் உண்டு. வீட்டில் என்னைக் குட்டாதவர்கள் யாருமில்லை என்பதால் இந்த அதிகாரத்தை நான் தாராளமாகவே பயன்படுத்தினேன்.

வாத்தியாரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. வாக்கியங்களைச் சொந்தமாக எழுத வேண்டும், எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். பொய் வாக்கியம் நாக்கில் நிற்காதாம். அந்த மாதம் ‘தவிர’ என்ற பாடம் நடந்தது. நமக்கு ஒரே ஒரு ‘தவிர’ போதும். ஜப்பான்காரனுக்கு அது போதவில்லை. ‘இகாய்’ என்கிறான், ‘ஷிகா’ என்கிறான், ‘ஹோகா நி’ என்கிறான். சித்தி பக்கம் பக்கமாக எழுதினாள். ‘என் கணவரைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள்’ என்று இருந்தது. ‘வீட்டில் ரசம் தவிர ஒன்றும் இல்லை’ என்று இருந்தது. ‘என்னைத் தவிர எல்லோரும் வளையல் போட்டார்கள்’ என்றும் ஒன்று இருந்தது. அது போன மாதம் அத்தையின் வளைகாப்பில் நடந்தது. மணையில் உட்கார்ந்திருந்த அத்தைக்குப் பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டபோது, கல்யாணமாகி ஆறு வருடமாகியும் பிள்ளையில்லாத சித்தியை மட்டும் யாரோ பால் பொங்குகிறதா பார் என்று அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். பால் அதற்கு முன்பே பொங்கி இறக்கியாகிவிட்டது. எனக்கு அந்த வாக்கியத்தில் ‘இகாய்’ சரியான இடத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியமாக இருந்தது.

ஒரு நாள் பக்கத்தைத் திருப்பினேன். புது மையில் ஒரே ஒரு வரி இருந்தது.

‘கோனோ ஹேயா நி, வாதாஷி நோ ஹோகா நி, மோ ஹிதோரி இமாஸ்.’

அதன் கீழே தமிழில்: ‘இந்த அறையில் என்னைத் தவிர இன்னொருவர் இருக்கிறார்.’

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில், பீரோ, தண்ணீர் கேன், கொடியில் சித்தியின் கம்பெனி யூனிஃபார்ம், அவ்வளவுதான் இருந்தன.

“இன்னா சித்தி இது, என்னப் பத்தியா எழுதிக்கீற?”

“நீ இல்லாதப்ப எழுதுனதுடி.”

“அப்ப சித்தப்பாவா?”

“அவரு டூட்டிக்குப் போய்ட்டாரு.”

“அப்ப பொய்யா?”

“பொய் எழுதுனா வாத்தியாரு வுடுவாரா?”

“அப்ப யாரு அது?”

சித்தி வாயில் விரலை வைத்தாள். “மெதுவா பேசு. இப்ப சொல்லக் கூடாது. மூணு மாசம் போவட்டும், அப்புறம் நீயே பாப்ப.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சித்தி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

படப்பை ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அந்த அறையின் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், தரையில் வைத்த டம்ளர் தானாக நகரும். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். அன்றைக்கு நகர்ந்தபோது அது லாரியால்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. காலையில் மாடி பாத்ரூமில் சித்தி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. பாடம் சொல்லும்போது மாங்காயை உப்புக்கூட இல்லாமல் கடித்தாள். ஒற்றைக் கையால் தூக்குகிற தண்ணீர் கேனை இப்போது தொடவே இல்லை. ஒரு நாள் நான் படியேறும்போது உள்ளே ஜப்பானிய மொழியில் பேச்சு கேட்டது. சித்தி ஒன்று சொல்வாள், நிறுத்துவாள், பதில் கேட்டதுபோல் லேசாகச் சிரிப்பாள், மறுபடி சொல்வாள். எட்டிப் பார்த்தால் சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருக்கிறாள். எதிரே யாருமே இல்லை.

“யார் கூட சித்தி பேசினுகீற?”

“யார் கூடவும் இல்லடி. சும்மா.”

பேய் பிடித்தவர்கள் ‘சும்மா’ என்றுதான் சொல்வார்கள் என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு சித்தி என்றால் உயிர். மூன்று மாதம் முடிந்தால் அது வெளியே வந்துவிடும், வந்தால் சித்தியைக் கொண்டுபோய்விடும் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவும் பயமாக இருந்தது. இரும்புக்குப் பேய் அஞ்சும் என்பார்களே, அதனால் சித்தப்பாவின் வண்டி டூல்ஸ் பையிலிருந்து கனமான போல்ட் ஒன்றை எடுத்து, கொஞ்சம் திருநீறு பூசி, சித்தியின் தலையணை உறைக்குள் தள்ளிவைத்தேன். “போய்டு, போய்டு, போய்டு” என்று மூன்று முறை சொன்னேன். தினமும் போய், போல்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி மூன்று முறை சொல்லிவிட்டு வருவேன்.

பத்தாம் நாள் பள்ளி விட்டு வந்தபோது மாடி பூட்டியிருந்தது. அம்மாவும் இல்லை. பக்கத்து வீட்டில் சோறு போட்டார்கள். மறுநாள் சித்தியை அழைத்துவந்து கீழே எங்கள் அறையில் படுக்கவைத்தார்கள்.

“சித்திக்கு வயித்துவலி. தொணதொணன்னு பேசினு இருக்காத,” என்றாள் அம்மா. அம்மாவின் கண் சிவந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து சித்தி மாடிக்குப் போனாள். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் போய் நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பழைய வரி அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே புதிதாக ஒன்று எழுதியிருந்தாள்.

‘கோனோ ஹேயா நி, வாதாஷி நோ ஹோகா நி, தாரே மோ இமாசென்.’

அதே அறை, அதே ‘ஹோகா நி’, அதே ‘தவிர’. ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலவேதான், கடைசிச் சொல் ‘இமாஸ்’ என்று வருமா ‘இமாசென்’ என்று வருமா என்று பார்க்கும்வரை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. ‘இந்த அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.’

நான் துள்ளிக் குதித்தேன்.

“போய்டுச்சா சித்தி? அப்பாடா! நான்தான் தொரத்துனேன், தெரியுமா?” என்று கைதட்டினேன். தலையணை உறைக்குள் கையை விட்டு போல்ட்டை எடுத்து நீட்டினேன். எத்தனை நாள், எத்தனை முறை, என்ன சொல்லித் துரத்தினேன் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. நான் ப்ளஸ் டூ முடித்த வருடம்தான் அம்மா ஏதோ பேச்சில் சொன்னாள், சித்திக்கு ஆறு வருடம் கழித்து ஒன்று தங்கி, இரண்டரை மாதத்தில் கலைந்துபோனதை. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்களாம். எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

சித்தி போல்ட்டை வாங்கினாள். லைனில் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ரோட்டில் லாரி போனது, கண்ணாடி நடுங்கியது.

“கீழ யார்கிட்டயாச்சும் சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. அம்மாகிட்டகூட சொல்லாத. நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரிய வேணாம்.” பிறகு என் தலையைத் தடவி, “உன் மேல ஒண்ணும் இல்லடி கண்ணு. உன் மேல ஒண்ணுமே இல்ல,” என்றாள்.

திருநீறு என் மேல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்து, நான் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டேன். போல்ட்டை அவள் திருப்பித் தரவில்லை. பேயை ஓட்டியவள் நான்தான் என்ற பெருமையோடு படியிறங்கினேன். மேலே சித்தி பாடத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். இமாசென், இமாசென் என்று அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு முறைகூடத் தப்பவில்லை.